கேட்டதையே கேட்கிறவர்

காலை பத்தேகால் மணி, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூலில் ஏறி நின்று சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பது அதனால்தான். அடுக்களையிலிருந்து என் மனைவி தலையை நீட்டி, "செண்பகம் எங்க? உங்க கூடல்லா இருந்தா?" என்று கேட்டாள்.

"உன் கூடல்லா இருந்தா?" என்றேன்.

பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கிற இடம் தெரிந்திருக்கும். அங்கே காலுக்கடியில் தரை கிடையாது. ஸ்டூலிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் ஊர் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. ஆடி மாசம். முந்தின நாள் சாயந்திரம் சாரலாக ஆரம்பித்தது மலைக்கு மேல் கனத்த மழையாகிவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்தே அருவியின் இரைச்சலைக் கேட்க முடிந்தது. ஆறு செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. செண்பகத்துக்கு ஆறு வயசு.

அந்த நாளின் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. இப்போதும் தெருப்பிள்ளைகள் யாராவது ஆற்றுப் பக்கம் போனால், வயலைப் பார்க்கப் போகிறவன் மாதிரி நானும் பின்னாலேயே போய் நிற்கிறேன். எனக்கு 'ஆத்துத் தலையாரி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் பயத்தோடு சேர்ந்து ஒரு சிரிப்பும் வருகிறதே, அதற்குக் காரணம் ஒரு மனிதர். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கடிகாரம் முந்திக்கொண்டது.

அவர் பேரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் படித்து நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையாகாது. எங்கள் வயல்களில் நாற்று நடுகிற, வரப்பு வெட்டுகிற, ஆனால் ஊர்க்கிணற்றில் வாளி விடக்கூடாது என்று ஊர் தள்ளி வைத்திருந்த ஜனங்களில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தார். அந்த ஜனங்களிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

உட்கார்ந்த என்று எழுதிவிட்டேன். உட்காருவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

தென்காசியில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசுக்கு அவரும் குமாஸ்தாவாகத்தான் முதலில் வந்தார். ஹெட்கிளார்க் அவருடைய உத்தரவை விரல் நுனியால் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாற்காலி தச்சன்கிட்டப் போயிருக்கு. வந்ததும் தாரேன்" என்றார். எந்தத் தச்சனிடமும் எந்த நாற்காலியும் போகவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவருக்கும் தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சரிங்க" என்று ஜன்னலோரமாகப் போய், ஜன்னல் கட்டையில் காகிதங்களைப் பரப்பி, நின்றபடியே எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹெட்கிளார்க்கின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"நாற்காலி வந்துட்டுங்களா?"

"இல்ல."

"சரிங்க."

அதற்கு மறுநாளும் அதே கேள்வி, அதே குரல். அந்தக் குரலுக்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். கோபம் இருக்காது. குத்தல் இருக்காது. கெஞ்சலும் இருக்காது. நாற்காலி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒரு மனிதனின் குரல், அவ்வளவுதான். ஹெட்கிளார்க்குக்கு அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டால் மேலே எழுதலாம். நாற்காலி வந்துவிட்டதா என்று கேட்கிறவன்மேல் என்னவென்று எழுதுவது?

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த ஜன்னலுக்கு வெளியேதான் மனு கொடுக்க வருகிற ஜனங்கள் நிற்பார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற எங்கள் தலைகள் அவர்களுக்குத் தெரியாது. தெரிகிறவர் ஒருவர்தான்: உயரமாக, கோட்டுப் போட்டுக்கொண்டு, நேருக்கு நேர் பார்த்து, "என்ன வேணும் அண்ணாச்சி, சொல்லுங்க" என்கிறவர். எல்லோரும் அவரிடமே மனுவை நீட்டினார்கள். 'பெரிய ஐயா நின்னுக்கிட்டே வேலை பாக்காவ' என்று பாவூர்சத்திரம் சந்தை வரைக்கும் பேச்சுப் போயிற்று. ஒருநாள் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்த, நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி ஒருவர் ஜன்னலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, எக்கி உள்ளே பார்த்து, ஹெட்கிளார்க்கைக் காட்டி, "அங்கன உக்காந்திருக்காரே, அவரு யாரு? உங்க கணக்கப்பிள்ளையா?" என்று உரக்கக் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை நாற்காலி வந்திருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே. அவர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். "தச்சன் நல்ல வேலைக்காரன்" என்று ஹெட்கிளார்க்கிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவரிடம் ஒருமுறை நான் கேட்டேன், "தினமும் இல்லேன்னு சொல்லுதாவன்னு தெரிஞ்சும் எப்படி ஐயா போய்க் கேக்கீங்க?" என்று.

"இல்லேன்னு சொல்லுதது அவரு வேலை வே. கேக்கது என் வேலை. அவரு அவரு வேலையை ஒழுங்காப் பாக்காரு. நான் மட்டும் பாக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?"

இப்படிக் கேட்டுக் கேட்டேதான் அவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆனார், டிப்டி தாசில்தாரும் ஆனார். முறைப்படி வர வேண்டிய உயர்வு வராது. மேலே எழுதுவார். பதில் வராது. மறுபடியும் எழுதுவார், வாசகம் மாறாது, தேதி மட்டும் மாறும். மேலதிகாரி ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "இந்த ஆளுக்குப் பதில் எழுதுவதைவிட உத்தியோகத்தைக் கொடுத்துவிடுவது சுலபம்" என்று சொன்னதாக ஆபீசில் ஒரு கதை உண்டு. உண்மையா என்று அவரையே கேட்டேன். "இருக்கலாம். கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

கிராமங்களுக்குக் காம்ப் போகிற உத்தியோகம் வந்ததும் ஊர்களுக்குத் தலைவலி பிடித்தது. காம்ப் வருகிற சர்க்கார் அதிகாரியைக் கிராம முன்சீப் உபசரிக்க வேண்டும், அது வழக்கம். முதல் உபசாரம் தண்ணீர். அதை எந்தத் தம்ளரில் கொடுப்பது? கொடுத்த தம்ளரைப் பிறகு என்ன செய்வது? ஊர் ஊராக யோசித்தார்கள். கடைசியில் எல்லா ஊரும், ஒன்றையொன்று கேட்காமலே, ஒரே முடிவுக்கு வந்தன. இளநீர். சீவிக் கொடுத்தால் மரியாதைக்கு மரியாதை. குடித்து முடித்ததும் கூட்டைத் தூக்கி எறிந்துவிடலாம். பாத்திரப் பிரச்னை இல்லை.

அவர் இளநீரை ரசித்துக் குடிப்பார். எந்த மரம், செவ்விளநீரா பச்சையா, ஆற்றோரத்து மரமா என்றெல்லாம் விசாரிப்பார். வழுக்கையைத் தோண்டித் தின்பார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அருமையான எளநி. இனி ஒரு தம்ளர் தண்ணி குடுங்க" என்பார்.

முன்சீப் இன்னொரு இளநீரைச் சீவச் சொல்வார். அதையும் குடிப்பார். "இதுவும் அருமை. இனி ஒரு தம்ளர் தண்ணி குடுங்க." அதே குரல். வடகரையில் ஒரு தோப்பில் இப்படி மாறி மாறிப் போய், கடைசியில் சீவுகிறவன் கை ஓய்ந்து, "ஐயா வயித்துல இனி எடம் இருக்காது" என்று கும்பிட்டுவிட்டானாம். "அதான் வே, எளநிக்கு எடம் இல்ல. தண்ணிக்கு இருக்கு" என்றாராம் இவர். தென்னையே இல்லாத மேட்டு நிலத்து ஊர்களின் பாடு இன்னும் மோசம். இவர் காம்ப் என்று தெரிந்ததும் முதல்நாளே பாவூர்சத்திரத்துக்கு ஆள் ஓடும். 'எளநி தாசில்தார்' என்ற பேர் அப்படித்தான் வந்தது. முதுகுக்குப் பின்னால் சொன்னோம். அவருக்கும் தெரியும். ஒருநாள் சிவப்பு மையில் ஒரு ஃபைலை முடித்துவிட்டு, "எளநி தாசில்தார் கையெழுத்துப் போட்டாச்சு, எடுத்துக்கிட்டுப் போம்" என்று என்னிடமே நீட்டினார்.

எங்கள் ஊர் முன்சீப் என் கூடப்பிறந்த அண்ணாச்சி. எங்கள் ஊரிலும் இளநீர்தான். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. பயந்தவர். ஊர் என்ன சொல்லும் என்பதிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். சைக்கிள் மணி கேட்டால் போதும், 'ஏலே சுடலை, ரெண்டு எளநி பறிச்சுப் போடுலே' என்று வாய் தன்னால் திறந்துகொள்ளும். சுடலை எங்கள் தோப்பில் மரம் ஏறுகிறவன், அண்ணாச்சி வயசு. இவர் குடிப்பார், கேட்பார். அண்ணாச்சி காது கேட்காத மாதிரி வானத்தைப் பார்ப்பார். "மழை வரும்போல இருக்கு" என்பார், சித்திரை வெயிலில்.

இத்தனைக்கும் அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட நான் பார்த்ததில்லை. சீசன் வந்தால் ஆபீசில் எல்லோருமாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம். ஆரம்பத்தில் எங்களில் சிலர், அவர் குளித்துவிட்டு வரட்டும் என்று எண்ணெய் தேய்க்கிற சாக்கில் பாறையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் பாட்டுக்கு அருவிக்கடியில் போய் நின்று, தலையில் அடிக்கிற தண்ணீருக்கு மேலே கத்துவார்: "வே! இது ஒண்ணுதான் வே, நான் கேக்கதுக்கு முன்னாலேயே ஊத்துது!" அவர் சிரிக்கிற சிரிப்பில் பாறையில் இருந்தவர்களும் சிரித்துவிடுவார்கள். சிரித்தபிறகு உட்கார்ந்திருக்க முடியுமா? ஒவ்வொருவராக எழுந்து போவோம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வீட்டில் தேடினோம், மாட்டுத் தொழுவில் தேடினோம், தெருவில் வீடு வீடாகக் கேட்டோம். படித்துறைக்கு ஓடினேன். தண்ணீருக்கு மேலே தெரிந்த கடைசிப் படியில் அவளுடைய செப்புச் சட்டி ஒன்று கிடந்தது. ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு சோறு பொங்கி விளையாடுகிற மண்சட்டி. அதற்குக் கீழே இருந்த படிகள் தண்ணீருக்குள் போயிருந்தன.

வெள்ளம் கொண்டுபோனால் கீழேதானே கொண்டுபோகும். ஊரே கரையோடு கீழ்ப்பக்கம் ஓடிற்று. நானும் ஓடினேன். எதைத் தேடி ஓடுகிறேன் என்று மனசுக்குத் தெரிந்தது. கண்ணுக்கு அது தென்பட்டுவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் தேடினேன். ஒன்றும் கிடைக்காமல் திரும்பித் தோப்புக்குப் பக்கத்தில் வந்தபோது சைக்கிள் மணி கேட்டது. வெள்ளம் என்றதும் எங்கள் ஊர் அணையைப் பார்க்க அவர் கிளம்பி வந்துவிட்டார். லீவு நாள் என்று ஆற்றுக்குத் தெரியுமா என்பார்.

மூச்சு வாங்கிக்கொண்டு என் பின்னால் வந்த அண்ணாச்சி அவரைப் பார்த்தார். முகமெல்லாம் கண்ணீர். அப்படியிருந்தும் வாய் திறந்துகொண்டது.

"ஏலே சுடலை! ஐயா வந்துட்டாவ, ரெண்டு எளநி பறிச்சுப் போடுலே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணாச்சியின் துண்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். "பிள்ளையைக் காணும்! இப்ப எளநியா அண்ணாச்சி?"

"வாய் தன்னால சொல்லுது டே, நான் என்ன செய்வேன்!" என்று அவரும் அழுதார்.

சுடலை அதற்குள் மரத்தில் பாதி ஏறிவிட்டான். அவனுக்கும் பழக்கம். சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, "எந்தப் பிள்ளை? எப்ப இருந்து காணும்?" என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து கத்தல் வந்தது.

"ஏ ஐயா! மேக்க! மேக்க பாருங்க! மண்டபத்துல பிள்ளை நிக்கி!"

ஆற்றின் மேல்வளைவில், நடு ஆற்றுப் பாறையில், நாலு தூண் நிற்கிற சின்னக் கல்மண்டபம் ஒன்று இருக்கிறது. கோடையில் கணுக்கால் தண்ணீரில் நடந்து போய்விடலாம். படித்துறையிலிருந்து பார்த்தால் தாழம்புதர் மறைக்கும். சாதாரண நாளில் வளைவு வரைக்கும் போகிற கரைப்பாதை அன்று முங்கிக் கிடந்தது. தவிர, பிள்ளை மேலே போயிருப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த உயரத்தில் அந்த நேரத்தில் இரண்டு கண் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் சாயந்திரம் வரை கீழேயே தேடிக்கொண்டிருந்திருப்போம். தண்ணீர் கொடுக்காமல் இருப்பதற்காக ஏறின மரம் அது.

வயல்களுக்குள் விழுந்து ஓடி வளைவுக்குப் போனோம். அங்கே நின்றாள். ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டபத்தின் தளத்தில் அவளுடைய பாவாடை ஓரம் நனைகிற அளவுக்கு வெள்ளம் ஏறியிருந்தது. செப்புச் சாமான்களை எடுத்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதும் அங்கே போயிருக்கிறாள். சட்டி ஒன்றைப் படியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தண்ணீர் அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனேன். அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு நீச்சல் தெரியுமா வே?"

"தெரியாது."

"அப்ப உக்காரும்."

"விடுங்க ஐயா, என் பிள்ளை!"

"உக்காரும்."

அந்தக் குரல்தான். நாற்காலி வந்துவிட்டதா என்கிற குரல். நான் திமிறினேன். அவர் சத்தத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "உக்காரும்" என்று நான் உட்காருகிற வரைக்கும் சொன்னார்.

சுடலை பக்கத்துக் கிணற்றில் நீர் இறைக்கிற கமலை வடத்தைக் கழற்றிவந்து இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தான். ஆற்றில் அவன் மார்பளவு போவதற்குள் கால் பறிந்து உருண்டான். வடத்தைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம். "ஒரு சாண் எறங்குச்சுன்னா போயிருவேன்" என்றான். அந்த ஒரு சாண் எப்படி இறங்கும்?

அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "மேலணை மடையைத் திறந்தா இங்கன தண்ணி எறங்குமா?"

மண்டபத்துக்கு மேலே இருக்கிற அணையில், ஆற்றுத் தண்ணீரை எங்கள் வாய்க்காலுக்குத் திருப்புகிற மடை அது. வெள்ளக் காலத்தில் பலகை போட்டு அடைத்து வைப்போம். திறந்தால் வெள்ளம் மணலோடு வயல்களுக்குள் போகும். கார்ப் பருவ நடவு முடிந்து பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. முதல் வயலே அண்ணாச்சியுடையது.

"எறங்கும்" என்றார் அண்ணாச்சி. "ஆனா ஊர்ல நாலு பேரைக் கேக்கணும். மேல எழுதி உத்தரவு..."

"திறங்க அண்ணாச்சி."

"எல்லார் பயிரும்லா போயிரும்? நாளைக்கு என்னையும் உங்களையும்..."

"திறங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். எத்தனையோ தடவை பார்த்த அதே வானம். இவர் காத்திருந்தார். பிறகு, முதல் தடவை கேட்கிற மாதிரியே, "திறங்க அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி துண்டைத் தூக்கி வரப்பில் எறிந்துவிட்டு, அந்தப் பெருத்த உடம்போடு அணைப் பக்கம் ஓடின ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வழியில் நின்ற நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மடை பிறகு பெரிய வம்பாயிற்று. முறையில்லாமல் திறந்து பயிரை மணல்மூடச் செய்தார் என்று டிப்டி தாசில்தார்பேரில் ஊர்க்காரர்கள் சிலர் மேலே மனு எழுதி, முன்சீப் கையெழுத்து வேண்டும் என்று அண்ணாச்சியிடமே கொண்டுவந்தார்கள். "பலகையைப் பிடுங்கினது நான். என் பேரை விட்டுட்டு எழுதியிருக்கியளே" என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிட்டார். மனு போகத்தான் போயிற்று. விளக்கம் கேட்டார்கள், தாசில்தார் உயர்வைத் தள்ளி வைத்தார்கள். அவர் வழக்கம்போலத் தேதியை மட்டும் மாற்றி மாற்றி எழுதி, தாசில்தாராகி, வேறு ஜில்லாவுக்குப் போனார்.

அன்று கரையில் எங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. தண்ணீர் இறங்கக் காத்திருக்க வேண்டும். செண்பகம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடுகிற தண்ணீரை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். ஒரு கை தூணிலிருந்து கொஞ்சம் நழுவினதை நான் பார்த்தேன். என் மனைவி 'ஐயோ' என்று சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவர் கரையின் விளிம்பில் குந்தி, வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"தாயீ! உன் பேரு என்ன?"

செண்பகம் தலையைத் தூக்கினாள். உதடு அசைந்தது. ஆற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"தாயீ! உன் பேரு என்ன?"

மறுபடியும் உதடு அசைந்தது. நழுவின கை தூணுக்குத் திரும்பிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. "செண்பகம்னு நான்தான் சொல்லுதேனே ஐயா!"

"உம்மைக் கேக்கல வே. அவளைக் கேக்கேன். தாயீ! உன் பேரு என்ன?"

அவள் கண் தண்ணீர்ப் பக்கம் தாழ்கிறபோதெல்லாம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் அந்தப் பிள்ளையை முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி கேட்டார். தொண்டை கட்டி, குரல் தகரம் கிழிகிற மாதிரி ஆயிற்று. அண்ணாச்சியின் மனைவி, என் மதினி, என் மனைவிக்காக ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அவர் ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். மதினி சொம்பைக் கொடுத்தாள். மடக்மடக்கென்று குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். மிச்சத்தை மதினி என் மனைவியின் வாயில் ஊற்றினாள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் அடுத்த கேள்விக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

"தாயீ! உன் பேரு என்ன?"

மண்டபத்தின் தளம் முதலில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. பிறகு கோடு அகலமாயிற்று. செண்பகத்தின் பாதம் தெரிந்தது. சுடலை யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. "பிடிங்கலே!" என்று வடத்தை எங்கள்மேல் எறிந்துவிட்டு இறங்கினான். தண்ணீர் அவனைத் தள்ளத் தள்ள, சாய்வாக நடந்து, ஒருமுறை முங்கி, எழுந்து, மண்டபத்துக் கல்லைப் பிடித்தான். செண்பகம் தூணை விடமாட்டேன் என்றாள் போலிருக்கிறது. அவன் ஏதோ சொன்னான். அவள் இறங்கி அவன் கழுத்தில் ஏறிக்கொண்டு, அவன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இழுத்தோம். அணையிலிருந்து சேறும் சகதியுமாகத் திரும்பி வந்த அண்ணாச்சியும் ஓடிவந்து வடத்தில் கைபோட்டார். அவருக்கு முன்னால் கோட்டும் தொப்பியுமாக டிப்டி தாசில்தார் இழுத்துக்கொண்டிருந்தார்.

சுடலை கரையேறி அவளை இறக்கிவிட்டான். உதடு நீலமாகி, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி கையை விரித்தாள். நானும் விரித்தேன். செண்பகம் எங்கள் இருவரையும் தாண்டி, சொட்டச் சொட்ட நடந்து போய், தொண்டை போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முன்னால் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எத்தனை மட்டந்தான் மாமா கேப்பீய? செண்பகம், செண்பகம், செண்பகம்! போதுமா?"